செத்த ஓடுதளமா, தூங்கும் ஓடுதளமா?

மலை முதுகில் யாரோ உளிவைத்துச் செதுக்கிவிட்டது போல நீளமாக ஒரு புல்தரை. மேல்முனையில் துருவேறிய தகரக் கொட்டகை. கீழ்முனையில் ஒன்றுமில்லை, நேரே பள்ளத்தாக்குதான். நியூசிலாந்தின் வடதீவில் வாங்கனுயி, டாரநாக்கி, கிஸ்போர்ன் பக்கம் மலைப்பண்ணைகளில் இதைப் படமெடுத்து, ‘கைவிடப்பட்ட விமான ஓடுதளம்’ என்று கீழே எழுதிப் போடுவது வழக்கமாகிவிட்டது. எனக்கு அந்தக் ‘கைவிடப்பட்ட’ என்ற சொல்லோடு நெடுநாள் தகராறு. வானிலிருந்து உரம் தூவும் விமானத்துக்கான ஓடுதளம் நல்ல நிலையில் இருக்கும்போதே அப்படித்தான் தோன்றும். ஆண்டுக்கு ஒரு நாளோ, இரண்டு ஆண்டுக்கு ஒரு நாளோதான் அதற்கு வேலை. மற்ற நாளெல்லாம் அதில் செம்மறி ஆடு மேயும். விளக்கு இல்லை, கோபுரம் இல்லை, பெயர்ப்பலகை இல்லை. ஆடு மேய்வதைப் பார்த்து ‘செத்துவிட்டது’ என்று முடிவுகட்டினால், அறுவடை முடிந்த களத்துமேட்டைப் பார்த்து ‘இந்த ஊரில் விவசாயம் ஒழிந்தது’ என்று சொல்வது மாதிரி ஆகும். உண்மையிலேயே செத்தவையும் ஏராளம் உண்டு. ஆனால் எது செத்தது, எது தூங்குகிறது என்று சொல்ல, பார்க்க வேண்டிய இடம் ஓடுதளமே அல்ல.

அந்த மலைகளில் விமானம் ஏன் வந்தது என்பதை மட்டும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் குடியேறிகள் காட்டை வெட்டி எரித்து, சாம்பல் மேல் புல் விதைத்தார்கள். சாம்பலின் சத்து சில பத்தாண்டுகள் தாங்கியது. பிறகு மண் மெலிந்து பெரணியும் மானுக்கா புதரும் திரும்பி வந்தன, சரிவுகள் சரியத் தொடங்கின. வாங்கனுயி ஆற்றுப் பக்கம் மங்காபுருவா பள்ளத்தாக்கில் முதல் உலகப் போர் வீரர்களுக்கு நிலம் கொடுத்துக் குடியமர்த்தினார்கள். அவர்களுக்காக 1936இல் ஒரு கான்கிரீட் பாலமும் கட்டி முடித்தார்கள். 1942க்குள் கடைசிக் குடும்பமும் வெளியேறிவிட்டது. இன்று அந்தப் பாலத்துக்கு ‘எங்கும் போகாத பாலம்’ என்று பெயர். கைவிடப்பட்டது என்றால் அது. மற்ற மலைப்பண்ணைகளும் அதே வழியில் போகாமல் தடுத்தது, இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு வந்த உர விமானம். 1939இல் பொதுப்பணித் துறை விமானி ஆலன் பிரிச்சர்ட் வடகோடிக் கடற்கரை மணல்மேட்டில் லூப்பின் என்ற செடியின் விதையை வானிலிருந்து தூவிப் பார்த்திருந்தார். 1948இல் விமானப்படை தன் அவெஞ்சர் குண்டுவீச்சு விமானத்தில் உரத்தை நிரப்பிச் சோதனை செய்தது. அடுத்த ஆண்டே, போரில் பயிற்சிக்குப் பயன்பட்டு மலிவாகக் கிடைத்த டைகர் மாத் இரட்டை இறக்கை விமானங்களோடு தனியார் களத்தில் இறங்கிவிட்டார்கள்.

தூவியது ‘சூப்பர்’

நம் ஊர் விவசாயியிடம் ‘சூப்பர்’ என்றால் புரியும். சிங்கிள் சூப்பர் பாஸ்பேட். அங்கேயும் அதே சூப்பர்தான், பேச்சிலும் அதே சுருக்கம்தான். நம் மூட்டையில் 16 சதம் என்று அச்சிட்டிருக்கும், அங்கே 9 சதம் என்பார்கள். பார்த்தால் அவர்களுடையது மட்டமான சரக்கு போலிருக்கும். கதை வேறு. நாம் எழுதுவது பாஸ்பரஸ் பென்டாக்சைடு கணக்கு, அவர்கள் எழுதுவது தனிப் பாஸ்பரஸ் கணக்கு. 16ஐ 2.29ஆல் வகுத்தால் 7தான் வரும். கூடவே 11, 12 சதம் கந்தகமும் அதில் உண்டு. கந்தகம் குறைந்த மலை மண்ணுக்கு அது பாதி மருந்து.

இந்தச் சூப்பர் புல்லுக்குப் போட்டதல்ல, கிளோவருக்குப் போட்டது. கிளோவர் அவரைக் குடும்பத்துத் தீவனச் செடி. நம் வயலில் தக்கைப்பூண்டும் கொழிஞ்சியும் செய்கிற வேலையைத்தான் அது அங்கே செய்கிறது: வேர்முடிச்சில் காற்றின் தழைச்சத்தைப் பிடித்துவைக்கும். அதற்குப் பாஸ்பரஸும் கந்தகமும் கொடுத்தால் போதும், தழைச்சத்தை அது சம்பாதித்துக்கொள்ளும். ஆடு கிளோவரைத் தின்று சாணமும் மூத்திரமும் போட, ரைகிராஸ் புல் செழிக்கும். யூரியா மூட்டை இல்லாமலே ஒரு நாடு ஆட்டுக்கறியும் கம்பளியும் ஏற்றுமதி செய்ததன் சூட்சுமம் இவ்வளவுதான். சில மண்ணுக்கு மாலிப்டினம் சேர்ப்பார்கள், ஹெக்டேருக்குக் கிராம் கணக்கில். எரிமலை மண் மேட்டுநிலத்தில் கோபால்ட் சேர்ப்பார்கள். அது இல்லாமல் அங்கே ஆடுமாடு மேய்ச்சலுக்கு நடுவிலேயே எலும்பும் தோலுமாகிச் செத்தது. பாஸ்பேட் பாறையில் பெரும்பகுதி நவுரு, ஓஷன் தீவு, கிறிஸ்துமஸ் தீவு ஆகியவற்றிலிருந்து வந்தது. நவுருவின் நடுப்பகுதி இன்று பல் பிடுங்கிய ஈறு போலக் கிடப்பதற்கும் இந்த மலைகள் பச்சையாக இருப்பதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. ஒரு தீவைச் சுரண்டி இன்னொரு தீவில் தூவினார்கள்.

அளவு, பழைய வழக்கப்படி, ஹெக்டேருக்கு 250 கிலோ அளவில். நம் கணக்கில் ஏக்கருக்கு இரண்டு மூட்டை. பெரிதாகத் தெரியாது. ஆனால் 400 ஹெக்டேர் பண்ணைக்கு அது 100 டன். டிராக்டர் கவிழ்கிற சரிவில் 100 டன்னை எப்படி இறைப்பது? இந்தக் கேள்விக்கு விடையாகத்தான் விமானமும், அதற்காக இந்த ஓடுதளமும் வந்தன.

நான்கு நிமிடம்

இதை விமான நிலையம் என்று நினைப்பதால்தான் குழப்பம். இதன் வேலை உரம் போகும் சாலையைக் கடைசி மேட்டிலிருந்து வானத்துக்கு நீட்டிவிடுவது. மலைமுகட்டின் சரிவிலேயே 300, 400, 500 மீட்டர் நீளத்துக்குப் புல்தரை. சமதளமாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, சரிவாக இருப்பதுதான் வசதியே. சுமையோடு கீழ்நோக்கி ஓடி எழும்பும், காலியாகத் திரும்பி வந்து மேல்நோக்கி ஏறி இறங்கும். எழும்பச் சரிவு தள்ளிவிடும், இறங்க அதே சரிவு பிடித்து நிறுத்தும். இறங்கிய வேகத்திலேயே மேல்முனைக்கு வந்து, அங்கேயே திரும்பி நின்றுவிடும். லோடர் லாரியின் வாளி வந்து விமானத்தின் முதுகில் ஒரு டன்னைக் கொட்டும். எஞ்சின் நிற்பதே இல்லை. வாளி விலகியதும் மறுபடி கீழ்நோக்கி ஓட்டம். பரப்பு அருகில் இருந்தால் ஒரு சுற்றுக்கு நான்கு நிமிடம். மணிக்கு 15 சுமை என்றால், 100 டன் ஏழு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அந்த ஓடுதளத்துக்கு அந்த ஆண்டின் வேலை அதோடு சரி.

இந்த வேலைக்கென்றே பிறந்தது போல வந்தது ஃப்ளெட்சர் எஃப்யூ-24. அமெரிக்காவில் ஜான் தார்ப் வடிவமைத்து 1954இல் முதலில் பறந்தது, பெரும்பாலும் வாழ்ந்தது நியூசிலாந்தில்தான். பின்னாளில் வந்த வகைகளில் 400 குதிரைத்திறன் எட்டு சிலிண்டர் லைக்கமிங் எஞ்சின். 1970களில் நம் ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் கட்டிய ‘பசந்த்’ வேளாண் விமானத்திலும் அதே குடும்பத்து எஞ்சின்தான் இருந்தது. ஆனால் பசந்த் முக்கியமாக மருந்தடிக்கப் பிறந்தது. பூச்சிமருந்து ஹெக்டேருக்கு லிட்டர் கணக்கு, உரம் கால் டன் கணக்கு. அதனால்தான் மருந்தடிப்பவர்களுக்கு ஓடுதளம் கொஞ்சம் தூரத்தில் இருந்தாலும் பரவாயில்லை, உரக்காரர்களுக்குப் பண்ணைக்கு உள்ளேயே வேண்டும். பறக்கிற தூரம் இரண்டு நிமிடம் கூடினால் நூறு சுமைக்கு இருநூறு நிமிடம்.

தப்பு நடப்பதும் இந்த நான்கு நிமிடத்துக்குள்தான். ஒருவழி ஓடுதளத்தில் இறங்க வரும்போது ஓர் எல்லை உண்டு; அதைத் தாண்டினால் எதிரே மலை, மறுபடி மேலேற வழியில்லை, இறங்கியே ஆக வேண்டும். கீழ்நோக்கி எழும்பும்போது பின்காற்று வீசினால் சரிவு கொடுத்த சலுகையைக் காற்று பிடுங்கிக்கொள்ளும். அதனால் பொழுது விடிந்ததும் தொடங்கி, காற்று எழும்பியதும் நிறுத்துவார்கள். புல் வளர்ந்து ஈரமாக இருந்தால் சக்கரத்தை இழுத்துப் பிடிக்கும். அதற்காகவே வேலைக்கு முந்தைய வாரங்களில் ஆட்டை விட்டு ஒட்ட மேய்ப்பார்கள். மாட்டை விடக் கூடாது. மழைக்காலத்தில் மாட்டுக் குளம்பு குத்திய குழி கோடையில் செங்கல் போலக் காய்ந்து நிற்கும்.

சட்டம் ஒரு விசித்திரமான சலுகை தருகிறது. வேளாண் பறப்பில், சான்றிதழில் குறித்த எடைக்கு மேலும் ஏற்றிக்கொண்டு எழும்பலாம். ஒரு நிபந்தனை: ஆபத்து வந்தால் ஹாப்பரில் (விமானத்தின் உரத்தொட்டியில்) உள்ள சுமையில் 80 சதத்தை ஐந்து விநாடிக்குள் கொட்டிவிடும் ஏற்பாடு இருக்க வேண்டும். விமானியின் உயிர் சுமையைக் கொட்டும் அந்த நெம்புகோலில் இருக்கிறது. அந்த நெம்புகோலுக்கு எதிரி யார்? ஈரம். சூப்பர் காற்றின் ஈரத்தை உறிஞ்சினால் கட்டிதட்டும். கட்டிதட்டிய உரம் ஹாப்பரின் வாய்க்கு மேலே பாலம் போலக் கட்டிக்கொண்டு நிற்கும். கதவு திறந்திருக்கும், சுமை விழாது. ஃப்ளெட்சரில் அந்த ஒரு டன் விமானியின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது. நேற்றுவரை சரியாகக் கொட்டிய விமானம் இன்று ஏன் கொட்டவில்லை என்ற கேள்விக்கு விடை பெரும்பாலும் விமானத்தில் இருக்காது, கொட்டகைக் கூரையில் இருக்கும்.

இன்னொரு தப்பும் இதே இனம். சுண்ணாம்புத் தூள் சூப்பரைவிட அடர்த்தி. காலையில் சூப்பர் போட்ட அதே வாளி மட்டத்துக்கு மதியம் சுண்ணாம்பு போட்டால், கண்ணுக்கு ஒரே அளவு, எடை கூடுதல். வாளியில் எடை காட்டும் கருவி வருவதற்கு முன் லோடர்காரரின் கண்தான் தராசு. விமானிக்கு அடுத்தபடி அந்த மலையில் மிக முக்கியமான ஆள் அவர்தான். புகழில் மட்டும் அவருக்குப் பங்கு கிடையாது.

கொட்டகையைப் பாருங்கள்

ஆகவே ஓடுதளத்தின் நாடியைப் பார்க்கக் கொட்டகைக்குப் போக வேண்டும். நல்ல உரக்கொட்டகைக்கு மூன்று பக்கம் திடமான சுவர், கான்கிரீட் தரை, ஒழுகாத கூரை, முன்பக்கம் மழை அடிக்காத தடுப்பு. லாரியும் அதன் பின்னால் இழுவண்டியுமாக ஒரு நடைக்கு 28 டன் அளவில் கொண்டுவந்து கொட்டும். 100 டன்னுக்கு நான்கு நடை. முதல் நடைக்கும் விமானம் வரும் நாளுக்கும் இடையில் வாரங்கள் ஆகலாம், வானிலை அப்படி. அத்தனை நாளும் உரம் காய்ந்தே கிடக்க வேண்டும். ஆனால் சூப்பர் என்பதே பாறையைக் கந்தக அமிலத்தில் வேகவைத்தது. மிச்ச அமிலம் அதில் இருக்கும். அது தகரத்தைத் தின்னும், ஆணியைத் தின்னும், கான்கிரீட்டையும் மெல்ல அரிக்கும். தரை பெயர்ந்தால் லோடர் வாளி உரத்தோடு ஜல்லியையும் அள்ளும், ஜல்லி ஹாப்பர் கதவின் இடுக்கில் மாட்டும். விமானத்தைத் தினமும் கழுவுவார்கள். கொட்டகையை யார் கழுவுகிறார்கள்?

அடுத்து சாலை. 28 டன்னோடு ஏறும் வண்டிக்குக் கல் போட்ட பாதையும், மேலே திரும்ப இடமும் வேண்டும். மலைச்சரிவில் ஒரு மண்சரிவு பாதையைப் பாதி தின்றுவிட்டால், அந்தப் பாதையைச் செப்பனிடும் செலவு உரத்தின் விலையோடு போட்டி போடும். புல் ஓடுதளம் பத்தாண்டு கிடந்தாலும் புல்லாகத்தான் கிடக்கும். சாலையும் கொட்டகையும் அப்படியல்ல. ஓடுதளம் சாவது பெரும்பாலும் மேல்முனையிலிருந்துதான்.

1984

எல்லாவற்றுக்கும் ஓர் ஆண்டைக் காட்டுவது எனக்குப் பிடிக்காது. ஆனால் இங்கே தப்பிக்க முடியாது. 1970களின் கடைசியில் அரசு மலைப்பண்ணைகளைத் தள்ளிக்கொண்டே போனது. உரத்துக்கு மானியம், அதை ஏற்றி இறக்கும் செலவுக்கு மானியம், ஆட்டைப் பெருக்கினால் சலுகை, புதர் வெட்டி நிலம் திருத்தினால் கடன். 1978 முதல் கம்பளிக்கும் கறிக்கும் குறைந்தபட்ச விலை உத்தரவாதம். 1982இல் செம்மறி ஆட்டுக் கணக்கு 7 கோடியைத் தொட்டது. ஆளுக்கு இருபதுக்கு மேல் ஆடு. கடனும் அதே மாதிரி ஏறியது. 1984 ஜூலையில் ஆட்சி மாறியது. நவம்பர் வரவுசெலவுத் திட்டத்தில் பிரதமர் டேவிட் லாங்கி அரசின் நிதியமைச்சர் ரோஜர் டக்ளஸ் இந்த மானியங்களை வெட்டத் தொடங்கினார். வட்டி ஏறியது, நிலத்தின் விலை விழுந்தது. விவசாயி செலவைக் குறைக்கப் பேனாவை எடுத்தால் முதலில் அடிக்கும் வரி எது? வட்டியை அடிக்க முடியாது. ஆள்கூலியை ஓரளவுக்கு மேல் அடிக்க முடியாது. உரத்தை அடிக்கலாம். உர விமானங்களுக்கு வேலை ஒரேயடியாக வற்றியது.

பலர் கதையை இங்கே முடித்துவிடுகிறார்கள்: மானியம் போனது, விமானம் போனது, ஓடுதளம் செத்தது. நான் நின்று யோசிக்கச் சொல்வது அடுத்த ஐந்தாறு ஆண்டுகளை. உரம் நின்றது, புல் நிற்கவில்லை. முப்பது ஆண்டுகளாகப் போட்ட பாஸ்பரஸ் மண்ணில் வைப்புநிதி மாதிரி இருந்தது, அதை எடுத்து எடுத்துச் செலவழித்தார்கள். கந்தகம் அப்படித் தங்காது, மழையில் கரைந்து இறங்கிவிடும். கிளோவர் மெதுவாகக் குறையும், மெலிந்த மண்ணில் வளரும் பிரவுன்டாப் புல் மெதுவாக ஏறிவரும். வுட்வில் அருகே பாலன்ட்ரே ஆராய்ச்சிப் பண்ணையில், உரம் நிறுத்திய நிலத்தை உரம் தொடர்ந்த நிலத்தோடு வைத்து நெடுங்காலம் ஒப்பிட்டுப் பார்த்ததில் தெரிந்தது இந்த மெதுவான தேய்மானம்தான். மெதுவாக நடந்ததுதான் வினையாகிப் போனது. புல் உடனே கருகியிருந்தால் கடன் வாங்கியாவது உரம் போட்டிருப்பார்கள். கருகாததால், ‘இந்த ஆண்டு வேண்டாம், அடுத்த ஆண்டு பார்க்கலாம்’ என்றார்கள். அந்த ‘அடுத்த ஆண்டு’ ஐந்தாறு முறை வந்து போனதற்குள் கூரை போய்விட்டது, சாலை போய்விட்டது. பணம் மறுபடி கையில் வந்தபோது உரம் வாங்கக் காசிருந்தது, கொட்ட இடமில்லை. செழித்த பண்ணைக்காரர் கொட்டகையைப் புதுப்பித்தார். பக்கத்துப் பண்ணைக்காரர்கள் அவருடைய ஓடுதளத்தையே வாடகைக்குப் பிடித்தார்கள். நான்கு ஓடுதளம் இருந்த பள்ளத்தாக்கில் ஒன்று பிழைத்தது.

பிறகு வந்தவை வேறு வகை அடிகள். ஃப்ளெட்சரின் வாரிசான கிரெஸ்கோ டர்பைன் எஞ்சினோடு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு சுமை தூக்கியது. ஃப்ளெட்சரைத் தாங்கிய மெத்தென்ற தரை எல்லாம் அந்த எடையைத் தாங்கவில்லை. 2015இன் பணியிடப் பாதுகாப்புச் சட்டம் 2016 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபோது, தன் நிலத்து ஓடுதளத்துக்கும் கொட்டகைக்கும் தானும் பொறுப்பு என்பது பண்ணைக்காரருக்கு உறைத்தது. சிலர் செப்பனிட்டார்கள், சிலர் கதவைச் சாத்தினார்கள். இன்னொரு பக்கம் பைன் மரம். மரம் காற்றிலிருந்து பிடித்துவைக்கும் கரிமத்துக்குக் காசு வருகிறது என்று, பைன் நடுபவர்களுக்கு மலையோடு விற்றுவிடுகிறார்கள். ஓடுதளத்தின் கீழ்முனைக்கு நேரே ஒரு வரிசை பைன் நட்டால் போதும், ஏழெட்டு ஆண்டில் அந்த ஓடுதளத்துக்கு வைத்தியமே கிடையாது.

பெரிய விமானங்களுக்கு மட்டும் ஒரு சொகுசான முடிவு கிடைத்தது. உரம் தூவிய டிசி-3 ரக இரட்டை எஞ்சின் விமானங்களில் ஒன்று டௌப்போ நகர மெக்டொனால்ட்ஸ் கடையோடு சேர்ந்து நிற்கிறது. பிள்ளைகள் உள்ளே உட்கார்ந்து உருளைக்கிழங்கு வறுவல் தின்கிறார்கள். டன் டன்னாகச் சூப்பர் கிடந்த வயிறு அது.

எழுப்ப முடியுமா?

தூங்கும் ஓடுதளத்தை எழுப்ப நினைப்பவர் முதலில் முழு நீளத்தையும் கால்நடையாக நடக்க வேண்டும், வண்டியில் அல்ல. அங்கே ‘டோமோ’ என்று மாவோரிச் சொல்லால் சொல்லும் குழி உண்டு: தண்ணீர் மண்ணுக்குள் குடைந்து ஓடி, மேலே புல் போர்வை மட்டும் மிஞ்சியிருக்கும். ஆடு நின்றால் தாங்கும், விமானச் சக்கரம் நின்றால் தாங்காது. ஓரங்களில் வெடிப்பு பிறை வடிவில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் அந்தப் பக்கம் சரியக் காத்திருக்கிறது. குதிகாலால் அழுத்திப் பார்த்து, ஈரம் தேங்கும் இடத்தைக் குறிக்க வேண்டும். பிறகு பிக்கப் வண்டியை ஓடுதளத்தில் வேகமாக ஓட்டிப் பார்ப்பது பழைய சோதனை. உட்கார்ந்த இடத்திலிருந்து தூக்கிப் போட்டால் விமானத்தையும் தூக்கிப் போடும். நடுவில் யாராவது மின்வேலி இழுத்திருப்பார்கள், அதை எடுக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ஒற்றைக் கம்பி இந்தத் தொழிலில் கொன்ற விமானிகள் பலர்.

மண்ணையும் சோதிக்க வேண்டும், குறிப்பாக மேல்முனையில். 1950களிலும் 60களிலும் வேர் தின்னும் புழுவுக்காகச் சூப்பரோடு டிடிடி பூச்சிமருந்தைக் கலந்து தூவினார்கள். 1970இல் அதற்குக் கட்டுப்பாடு வந்தது. சுமை ஏற்றிய இடத்தில் சிந்தியது எல்லாம் அங்கேயே இருக்கிறது. நவுருப் பாறையோடு வந்த காட்மியம் என்ற நச்சு உலோகமும் அங்கேதான் அதிகம் சேர்ந்திருக்கும். புதிதாகச் சிந்திய சூப்பரை ஆடு நக்கினால் அதிலுள்ள ஃபுளோரைடு நஞ்சாகும். அதனால் உரம் தூவிய நிலத்தில் நல்ல மழை, சுமார் 25 மில்லிமீட்டர், பெய்து இலையைக் கழுவும் வரை, அல்லது மூன்று வாரம் போகும் வரை, ஆட்டை விடாமல் வைத்திருப்பார்கள். ஏற்றுமிடத்தைச் சுற்றி வேலி போடாத பண்ணைகளில் அந்த விதி பாதி விதிதான்.

செத்த ஓடுதளத்தைத் தூரத்திலிருந்தே கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. கொட்டகையும் விழுந்து, பாதையும் புதர் மண்டி, கீழ்ப்பாதி பெரணியாகிவிட்ட மலையில், மேல்முனையில் மட்டும் விமானம் திரும்பி நின்ற இடம் அளவுக்கு அடர்பச்சையாக ஒரு வட்டம் தெரியும். முப்பது ஆண்டு வாளியிலிருந்து சிந்திய சூப்பர் அது. அந்த வட்டத்தில் கிளோவர் இன்னும் தடித்துக் கிடக்கும். மலை முழுக்க மேய இடமிருந்தும் ஆடுகள் அங்கேதான் கூடி நிற்கும்.